கேட் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

கொள்முதல் பேரேட்டை எடுத்து, பதிவு பதிவாக பில் தேடிப் பார்ப்பது தணிக்கைக்குப் புதிதாக வருபவர்களின் வழக்கம். பதிந்த கொள்முதல் உண்மைதானா என்று அறிய அது உதவும். ஆனால் சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பாக்கியில் பெரிய ஆபத்து, பேரேட்டில் ஏறாத பில்தான். ஏறாததைப் பேரேட்டுக்குள் எத்தனை முறை புரட்டினாலும் கிடைக்காது. சரக்கு வந்த இடத்திலிருந்துதான் தேட வேண்டும்.

சேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். மரவள்ளிக் கிழங்கு லோடு வந்ததும் கேட்டில் லாரி எண்ணை எழுதுவார்கள். லோடுடன் ஒரு முறை, கிழங்கை இறக்கிய பின் வெறும் வண்டியாக ஒரு முறை எடை போடுவார்கள். கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயிண்டைப் பார்த்து விலை முடிவாகும். பில் போடுவது அதன் பிறகுதான். ஓர் ஆலையில் நான் பார்த்த எடைச் சீட்டில் மார்ச் 31 இரவு நேரம் அச்சாகியிருந்தது. அதோடு பின் குத்தியிருந்த பில்லில் ஏப்ரல் 3. கிழங்கு ஆண்டிறுதி இருப்பில் சேர்ந்துவிட்டது, விவசாயிக்குத் தர வேண்டிய பணம் சேரவில்லை. அந்தத் தொகை அப்படியே லாபமாகத் தெரிந்தது. யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை என்றாலும் கணக்கு தவறுதான்.

ஆகவே மார்ச் கடைசி வாரத்து எடைச் சீட்டுகளை முதலில் கையில் எடுங்கள். ஒவ்வொன்றும் எந்த மாதக் கொள்முதலில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வங்கி வழியாகப் போன பெரிய தொகைகள் எந்தத் தேதிச் சரக்குக்கானவை என்பதையும் விடாமல் கேளுங்கள்.

சாக்கு, உதிரிப் பாகங்களுக்கு, ஜிஎஸ்டி தளத்தில் வாங்கியவர் பெயரில் மாதந்தோறும் உருவாகும் கொள்முதல் பட்டியலான ஜிஎஸ்டிஆர்-2பி கைகொடுக்கும். விற்றவர் தாக்கல் செய்த விவரத்திலிருந்து உருவாவதால் அது வாங்கியவரின் பேரேட்டை நம்பியிருப்பதில்லை. விவசாயியிடம் நேரடியாக வாங்கிய கிழங்கு அதில் வராது. எடைச் சீட்டை நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

பாக்கி எவ்வளவு என்று சப்ளையரிடமே கேட்கும் நிலுவை உறுதிக் கடிதம் தணிக்கையாளர் கையால் போய், பதில் அவருக்கே நேரடியாக வர வேண்டும் என்கிறது எஸ்ஏ 505 என்ற தணிக்கைத் தரநிலை. "நானே வாங்கித் தருகிறேன் சார்" என்று கணக்காளர் சொன்னால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். பெரிய பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. ஆண்டு முழுக்க நிறைய வாங்கிவிட்டு, கடைசியில் பாக்கி பூஜ்யம் என்று காட்டும் சப்ளையருக்கு அவசியம் அனுப்புங்கள்.

சரக்கு வந்த தேதிக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு நிறுவனங்களுக்கு 15 நாளுக்குள், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், பணம் கொடுத்த ஆண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். நாள் கணக்கு சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். சப்ளையரின் உத்யம் சான்றிதழ் (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவுச் சான்று) நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்; வெறும் வியாபாரி என்று பதிந்திருந்தால் இந்த விதி அவருக்குப் பொருந்தாது.