கட்டிலில் புரண்டதும் வீடு சுற்றுகிறதா?

விடியற்காலையில் கட்டிலில் ஒரு பக்கம் புரள்கிறீர்கள். கூரையும் சுவரும் சேர்ந்து சுழல்கின்றன, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகின்றன. திருகோணமலையில் யாரிடம் சொன்னாலும் "பிரஷராக இருக்கும்" என்பார்கள். இப்படிப் புரளும்போது மட்டும் வந்து போகும் சுற்றுக்குப் பெரும்பாலும் காரணம் உட்காதுதான். அது திரும்பத் திரும்ப வருவதில் விற்றமின் டி குறைவுக்கும் பங்கு இருக்கலாம்.

அங்கே ஜெல் போன்ற ஒரு படலத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத கல்சியம் காபனேற்றுப் பளிங்குகள் ஒட்டியிருக்கும். தலை சாயும்போது இவற்றின் பாரம் படலத்தை இழுப்பதை வைத்தே மூளை சாய்வை அறிகிறது. பக்கத்தில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்புவதை அளப்பது அவற்றின் வேலை. பளிங்குகள் சில கழன்று அந்தக் குழாய்க்குள் விழுந்தால் வந்தது வினை. நீங்கள் புரண்டு முடித்த பிறகும் அவை நகர்ந்து திரவத்தை இழுக்கும். ஒரு காது 'சுற்றுகிறோம்' என்கிறது, மற்றது 'இல்லை' என்கிறது. கண்மணிகள் துடிக்கின்றன.

சரி, விற்றமின் டி எங்கே வருகிறது? உட்காதுத் திரவத்தில் கல்சியம் மிகக் குறைவாக இருந்தால்தான் கழன்ற துகள்கள் கரையும். அந்தக் கல்சியத்தை அகற்றும் புரதங்கள் உருவாக விற்றமின் டி உதவுகிறது. 2020இல் நியூரோலஜி சஞ்சிகையில் வந்த தென்கொரிய ஆய்வில், சிகிச்சைக் குழுவில் இரத்தத்தில் விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்குக் குறைவாக இருந்தவர்களுக்கு ஓராண்டு விற்றமின் டியும் கல்சியமும் கொடுத்தார்கள். மற்றக் குழுவை விட அக்குழுவில் சுற்று திரும்ப வருவது சுமார் 24 சதவீதம் குறைந்தது. பெரிய அற்புதம் இல்லை, ஆனாலும் மலிவான மருந்துக்கு நல்ல பலன்.

நிலாவெளி மணல் காலைச் சுடும் ஊரில் விற்றமின் டி குறையுமா? தாராளமாக. அதை உண்டாக்கும் புற ஊதா பி கதிர் உச்சிவேளையை ஒட்டியே வலுவாக இருக்கும். அந்நேரம் நாம் கந்தோரிலோ குசினியிலோ இருப்போம், வெளியே போனாலும் குடையோடுதான். கறுத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும். காலை இளவெயில் நடைக்கு நல்லது, விற்றமினுக்கு அவ்வளவு உதவாது. சூடை போன்ற கொழுப்புள்ள மீன் ஓரளவு கைகொடுக்கும்.

ஆனால் குளிசை, விழுந்த பளிங்கை உடனே எடுக்காது. அதற்கு எப்லி முறை: தலையைப் படிப்படியாகத் திருப்பிப் படுக்கவைத்துப் பளிங்கைக் குழாயிலிருந்து வெளியேற்றுவது. எந்தக் காது என்று டொக்டர் பார்த்த பிறகே செய்ய வேண்டும். இரத்தம் சோதிக்காமல் விற்றமின் டியை அள்ளிப் போடவும் வேண்டாம், மிகையானால் இரத்தத்தில் கல்சியம் ஏறிவிடும். சுற்றோடு பேச்சுக் குழறினாலோ கை கால் சோர்ந்தாலோ அது வேறு விஷயம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.