புருவ முடி ஏன் சடையாக நீள்வதில்லை?

பழனியில் முடிக் காணிக்கை செலுத்திவிட்டு, சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு கொடைக்கானல் பேருந்தில் ஏறும் குழந்தைகளை எங்கள் மலைப்பாதையில் அடிக்கடி காணலாம். ஓராண்டு கழித்துப் பார்த்தால் அந்தக் குழந்தையின் தலையில் ஏறத்தாழ 12 செ.மீ. முடி இருக்கும், புருவமோ மொட்டையடித்த அன்று இருந்த அளவிலேயே இருக்கும். இரண்டுக்கும் நடுவே இருப்பது சில விரற்கடை நெற்றிதான்.

தலைமுடி வேகமாக வளர்கிறது, புருவம் மெதுவாக வளர்கிறது என்று இதற்கு விடை சொல்லிவிடத் தோன்றும். உண்மையில் தலைமுடி நாளொன்றுக்குச் சுமார் 0.35 மி.மீ. வளர்கிறது, புருவ முடி அதில் ஏறக்குறைய பாதி வேகத்தில் வளர்கிறது. வேகத்தில் இருமடங்கு வேறுபாடு மட்டுமே இருக்க, நீளத்தில் ஐம்பது, அறுபது மடங்கு வேறுபாடு எப்படி வந்தது? வளர்ச்சி எத்தனை காலம் தொடர்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது.

முடி முளைக்கும் குழியாகிய மயிர்க்கால் இடைவிடாது வேலை செய்வதில்லை. அதன் அடியில் உள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து முடியை மேலே தள்ளும் வளர்ச்சிக் காலம், குழி சுருங்கும் இரண்டு மூன்று வார ஒடுக்கக் காலம், பழைய முடியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும் ஓய்வுக் காலம் என்று அது மாறி மாறிச் சுற்றி வருகிறது. சுற்று மீண்டும் தொடங்கும்போது பழைய முடி உதிர்ந்து புதியது எழுகிறது. தலையில் வளர்ச்சிக் காலம் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை நீடிக்கும். மாதத்துக்கு ஒரு செ.மீ. என்று கணக்கிட்டால், ஆறு ஆண்டுகளில் முடி 72 செ.மீ. நீண்டு இடுப்பைத் தொடும். புருவத்தில் அந்தக் காலம் இரண்டு மாத அளவே என்பதால், ஒரு செ.மீ. எட்டுவதற்குள் வளர்ச்சி நின்றுவிடுகிறது. சிலருக்கு எவ்வளவு எண்ணெய் தேய்த்தாலும் கூந்தல் தோளுக்குக் கீழே இறங்காததற்கும் பெரும்பாலும் இந்தக் கால அளவே காரணம். அது அவர்கள் பராமரிப்பின் குறையன்று.

கையில் உள்ள முடியை மழித்தாலும் அது பழைய நீளத்துக்கே வந்து நிற்பதால், தான் வெட்டப்பட்டது அதற்குத் தெரியும் என்று நினைக்கிறோம். தோலுக்கு வெளியே உள்ள முடி உயிரற்றது. வெட்டிய செய்தியை வேருக்குக் கொண்டுசெல்ல அதில் நரம்பு இல்லை. மயிர்க்கால் தன் காலம் முடிந்ததும் நிறுத்துகிறது, அவ்வளவே. மழித்தால் முடி அடர்த்தியாகும் என்ற நம்பிக்கையும் சரியன்று என்பதை அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-இலேயே சோதித்துக் காட்டினார்.

கொடைக்கானலுக்கு மேற்கே மன்னவனூர் ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் மேயும் பாரத் மெரினோ ஆடுகளிடமும் இந்தக் கணக்கைக் காணலாம். காட்டுச் செம்மறிகள் ஆண்டுதோறும் உரோமத்தை உதிர்த்துவிடுகின்றன. கம்பளிக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட மெரினோ இனத்திலோ வளர்ச்சிக் காலம் ஆண்டுக்கணக்கில் நீள்வதால், மனிதர் கத்தரிக்காவிட்டால் அதன் சுமை ஏறிக்கொண்டே போகும்.

வளர்ச்சியை நிறுத்தச் சொல்லும் குறிப்புகளுள் ஒன்று, மயிர்க்காலிலேயே உருவாகும் எஃப்ஜிஎஃப்-5 என்னும் புரதம். அதற்குரிய மரபணு செயலிழந்த எலிகளுக்கு உரோமம் இயல்பைவிட நீளமாக வளர்ந்ததை 1994-இல் கண்டறிந்தனர். நீள்முடி கொண்ட நாய், பூனை இனங்கள் பலவற்றிலும் இதே மரபணுவில் மாற்றம் உண்டு. அதே மரபணு மாறியதால் கண்ணிமை முடி மிக நீளமாக வளரும் மனிதக் குடும்பங்களும் உள்ளன. மீசை, தாடி போன்ற இடங்களில் ஆண் ஹார்மோன்களும் வளர்ச்சிக் காலத்தை அளக்கும் இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கின்றன.

கடிகாரம் மயிர்க்காலுக்குள்ளேயே இருக்கிறதா, சுற்றியுள்ள தோலில் இருக்கிறதா என்ற கேள்விக்கு முடி நடும் சிகிச்சை தெளிவான விடை தருகிறது. இடம் மாற்றி நட்ட மயிர்க்கால் தன் பழைய இயல்பையே தொடர்கிறது என்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1959-இல் எழுதினார். தீக்காயத்தால் புருவத்தை இழந்த ஒருவருக்குப் பின்தலையிலிருந்து மயிர்க்கால்களை எடுத்துப் புருவத்தில் நட்டால், அவை புருவமாக நடந்துகொள்வதில்லை. தலைமுடியாகவே நீண்டு வளர்வதால், அவர் தம் புதிய புருவத்தை அடிக்கடி கத்தரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.