தவறான விற்பனையா, தலையில் கட்டுவதா?

வங்கியில் வரிசையில் நின்றபோது சுவரில் ஓர் அறிவிப்பு: காப்பீட்டில் ‘தவறான விற்பனை’ நடந்தால் புகார் செய்யலாமாம். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதைப் படித்துவிட்டு, “பில்லு மாத்திப் போட்டுட்டா வந்து சொல்லச் சொல்றாங்க போல” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தச் சொல்லுக்குத் தமிழில் அதுதான் பொருள்.

ஆங்கிலத்தில் இது மிஸ்-செல்லிங்: பொய் சொல்லியோ மறைத்தோ, பொருந்தாததை விற்றுவிடுவது. ‘மிஸ்’ என்பது பழைய ஆங்கில முன்னொட்டு. கெட்டது, பிறழ்ந்தது என்று பொருள். பிரிட்டனில் வேலை பார்க்கும் நிறுவனம் தரும் நல்ல ஓய்வூதியத்தை விடவைத்துத் தனியார் திட்டங்களை விற்ற விவகாரம் 1990களில் வெடித்தபோது பெரிதும் அடிபட்ட சொல். மொழிபெயர்ப்பாளர் ‘மிஸ்’ஸைப் பார்த்தார், ‘தவறான’ என்று போட்டார், அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

தவறு என்பது நழுவுவது. கை தவறி டம்ளர் விழும், வழி தவறி ஆடு போகும். அதில் உள்நோக்கம் கிடையாது. ‘தவறான நடத்தை’ என்கிறோமே என்று கேட்கலாம். அங்கேயும் அது பூசி மெழுகத்தான் பயன்படுகிறது. சர்க்கரை நோயாளியிடம் “எல்லாம் முதல் நாளிலிருந்தே கவர் ஆகும் சார்” என்று சொல்லி பாலிசி விற்பவருக்கு நாக்கு தவறவில்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரி அறை வாடகைக்கு வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் டாக்டர் கட்டணத்தையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்பதும் தெரியும். சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சிலர் ‘மோசடி விற்பனை’ என்கிறார்கள். சூடு இருக்கிறது, பொருள் தப்பு. மோசடி என்றால் போலி ரசீது, இல்லாத கம்பெனி, போலீஸ். இங்கே கம்பெனி உண்மை, பாலிசி உண்மை, கட்டிய பிரீமியமும் உண்மை. பொய் இருப்பது விற்றவர் பேச்சில், சில நேரம் அவர் மௌனத்தில்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017 விதிமுறைகளில் இதை இப்படி விளக்கியிருந்தது: நெருக்கிப் பணியவைப்பது, பொய்யாகச் சொல்வது, மறைப்பது, வாங்குபவருக்குப் பொருந்துமா என்று பார்க்காமலே விற்பது. இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லும் தமிழ் நம் தெருவிலேயே கிடக்கிறது: தலையில் கட்டுவது. “லோன் கேட்கப் போனேன், ஒரு பாலிசியைத் தலையில கட்டிட்டாங்க.” இதற்கு விளக்கவுரை வேண்டுமா? பேச்சுவழக்கு என்பதற்காகவே நம் மொழிபெயர்ப்பாளர்கள் இதைத் தொடமாட்டார்கள். சுருக்கித் ‘தலைக்கட்டு’ ஆக்கவும் முடியாது. அது கோயில் வரிக்கு ஊரில் எண்ணும் குடும்பக் கணக்கு.

சட்ட நடைக்கு நான் சொல்வது ‘ஏய்ப்பு விற்பனை’. வரி ஏய்ப்பால் அரசாங்கத் தமிழுக்கு ஏற்கெனவே பழகிய சொல். தவறைவிடக் கனம், மோசடியைவிடக் குறைவு, உள்நோக்கமும் உள்ளே இருக்கிறது. நெருக்கிப் பணியவைப்பது இதில் முழுதாக அடங்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘தவறான’ என்பதில் நான்கில் ஒன்றுகூட அடங்கவில்லையே!

இது ஒரு சொல்லோடு நிற்கவில்லை. ஆஸ்பத்திரி பில்லைக் காப்பீட்டு நிறுவனமே நேராகக் கட்டும் ‘கேஷ்லெஸ்’ஸுக்குப் ‘பணமில்லாச் சிகிச்சை’ என்று எழுதி, இலவசம் என்று நம்பவைக்கிறார்கள். கடைசியில் பில்லில் கழிக்கப்பட்ட தொகையை நோயாளிதான் கட்டுகிறார். பாலிசியின் முக்கிய விவரங்களைச் சுருக்கிச் சொல்லும் வாடிக்கையாளர் தகவல் தாளைக் கேட்டால் வட்டார மொழியிலேயே தரவேண்டும் என்ற விதி 2024 ஜனவரியிலிருந்து இருக்கிறது. நல்ல விதி. ஆனால் அந்தத் தமிழை எழுதப்போவதும் இதே மொழிபெயர்ப்பாளர்கள்தானே.

பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ‘ஃப்ரீ லுக்’ என்பார்கள். ‘திருப்பித்தரும் காலம்’ என்றால் போதும். பக்கத்து வீட்டு அம்மா வாங்கிய பாலிசியில் ‘இலவசப் பார்வைக் காலம்’ என்று அச்சிட்டிருந்தது. கண் பரிசோதனை என்று நினைத்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று என்னிடம் கேட்க வந்தார். வந்தது 34ஆம் நாள்.