வறுவலா, வருவலா, ரோஸ்டா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் ஆடு, கோழி, உருளைக்கிழங்கு எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வரும் சொல் வறுவல். மலாய்க்காரர்கள்கூட ‘ஆயாம் வருவல்’ என்று பெயர் சொல்லியே வாங்குகிறார்கள். ‘ஆயாம்’ (கோழி) மலாய், மிச்சம் தமிழ். ஆனால் ரோமன் எழுத்துக்குப் போனதும் றகரமும் ரகரமும் ஒன்றாகிவிடுகின்றன. அதைப் பார்த்துத் திரும்பத் தமிழில் எழுதுகிறவர் கடைப் பலகையில் ‘உருளை வருவல்’ என்று எழுதிவிடுகிறார்.

இது வெறும் எழுத்துப்பிழை என்று விட முடியாது, ஏனென்றால் ‘வருவல்’ என்றும் தமிழில் ஒரு சொல் இருக்கிறது. பழந்தமிழில் அதற்கு ‘நான் வருவேன்’ என்று பொருள். வரு என்ற அடியோடு எதிர்காலம் காட்டும் வகர இடைநிலையும் தன்மை ஒருமைக்குரிய அல் விகுதியும் சேர்ந்தது அது. ஆக, அந்தப் பலகையில் உருளைக்கிழங்கு தானே வருவதாக வாக்குக் கொடுக்கிறது.

வறுவலில் உள்ள அல் வேறு. அது தொழிற்பெயர் விகுதி. பொரியல், அவியல், துவையல் எல்லாவற்றிலும் இருப்பது. பொரி இகரத்தில் முடிவதால் யகரம் உடம்படுமெய்யாக வருகிறது. வறு முற்றியலுகரத்தில் முடிவதால் வகரம் வருகிறது. வறு + அல் = வறுவல். மலையாளத்திலும் இதே வினை ‘வறுக்குக’ என்று றகரத்தோடுதான் வழங்குகிறது.

வறள், வறட்சி, வறண்ட என்ற சொற்களின் பக்கத்தில் வறுவை வைத்துப் பாருங்கள். எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வறுப்பது என்றால் ஈரத்தை விரட்டுவது. மிளகாயை வெறும் சட்டியில் வறுக்கிறோம், ரவையை நெய்யில் வறுக்கிறோம். இரண்டுக்கும் பொது எண்ணெயல்ல, ஈரம் போவது. உருளைக்கிழங்கின் எடையில் முக்கால் பங்குக்கும் மேல் தண்ணீர். மேற்பரப்பில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 பாகை செல்சியஸைத் தாண்டாது. சிவந்து மணம் வருவதற்கு 140 பாகைக்கு மேல் வேண்டும். கடையில் ‘வறுவல்’ என்ற பெயரில் தட்டுக்கு வரும் பல உருளைகள் அவியலாகவே நின்றுவிடுவது இதனால்தான்.

ஆங்கில ரோஸ்ட் பழைய பிரெஞ்சு வழியாக ஜெர்மானிய மொழிகளிலிருந்து வந்த சொல். அதன் அடியில் கிடப்பது நெருப்பின்மேல் வைக்கும் இரும்புக் கம்பித் தட்டி. ஜெர்மன் மொழியில் அந்தத் தட்டிக்கு இன்றும் ‘ரோஸ்ட்’ என்றுதான் பெயர். அந்தப் பொருளுக்கு நேரான தமிழ் வினை சுடு. பொருநராற்றுப்படையில் ‘காழிற் சுட்ட கோழூன் கொழுங்குறை’ வருகிறது: கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டு. மலாயில் பாங்காங், பாக்கார் என்பவை இந்தப் பக்கம். கோரேங் எண்ணெய்ப் பக்கம். நம் பேச்சில் புழங்கும் ரோஸ்டோ இரண்டு பக்கமும் இல்லை. நெய் ரோஸ்ட் என்பது முறுகல் தோசை. சிக்கன் ரோஸ்ட் பல கடைகளில் வெங்காய மசாலாவில் சுருட்டியது. உருளை ரோஸ்ட் சட்டியில் வறுத்தது. ஒரே சொல்லை மூன்று வேலைக்கு அனுப்புவதைவிட முறுகல், பிரட்டல், வறுவல் என்று பிரித்துச் சொல்லிவிடலாம். மூன்றும் நாம் ஏற்கெனவே பேசுகிற சொற்கள்தாம். மசாலா ஈரமாக ஒட்டிப் புரண்டால் பிரட்டல், உலர்ந்து மொறுமொறுத்தால் வறுவல்.

மொறுமொறுப்புக்குச் செய்முறை இது. 600 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கவும். மாவுச்சத்து மிகுந்த ரஸ்ஸட் வகை நன்றாக முறுகும்; மஞ்சள் சதையுள்ள வழவழப்பான வகை வடிவம் குலையாது, ஆனால் அவ்வளவு முறுகாது. கிழங்கைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், உள்ளே வேகுமுன் வெளியே கறுத்துவிடும். நம் ஊர் வெயிலுக்குப் பயந்து பலர் செய்யும் தவறு இது. காற்றோட்டமான இருட்டு மூலையே போதும்.

1 லிட்டர் கொதிக்கும் நீரில் 2 தேக்கரண்டி உப்பும் ¼ தேக்கரண்டி சமையல் சோடாவும் போட்டு, துண்டுகளை 7 நிமிடம் வேகவிடவும். சோடா மேற்பரப்பை இளக்கி ஓரங்களைப் பிசிறாக்கும். பின்னால் முறுகப்போவது அந்தப் பிசிறுதான். புளியோ எலுமிச்சையோ இந்த நேரத்தில் சேர்ந்தால் நேர்மாறு, கிழங்கு வேகாமல் விறைத்து நிற்கும். வடித்ததும் பானையை மறுபடி சிறுதீயில் 1 நிமிடம் வைத்துக் குலுக்கவும். பிறகு தட்டில் பரப்பி ஆவி அடங்கும்வரை, ஏறக்குறைய 10 நிமிடம், விடவும். அவசரக்காரர்கள் தாண்டிப்போவது இந்த 10 நிமிடத்தைத்தான்.

1 மேசைக்கரண்டி அரிசி மாவு தூவிப் புரட்டவும். அகலமான இரும்புச் சட்டியில் 3 மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பவும். இடமில்லையென்றால் இரண்டு தடவையாகப் போடுவதே மேல். அடி குறுகிய குவாலியில் (வாணலியில்) குவித்தால் கீழிருந்து எழும் ஆவியே மேலிருப்பதை வேகவைக்கும். 4, 5 நிமிடம் தொடவே வேண்டாம். மேலோடு பிடிக்குமுன் கிளறினால் சட்டியில் ஒட்டிப் பிய்யும். அப்புறம் திருப்பித் திருப்பி, மொத்தம் 15 முதல் 18 நிமிடம்.

மசாலா கடைசியில்தான். தீயைத் தணித்து, தோலோடு தட்டிய 4 பல் பூண்டு, ஒரு கொத்து கறிவேப்பிலை, 1½ தேக்கரண்டி மிளகாய்த்தூள், ½ தேக்கரண்டி சோம்புத்தூள், ½ தேக்கரண்டி மிளகுத்தூள், ¼ தேக்கரண்டி மஞ்சள்தூள் சேர்த்து 2 நிமிடம் புரட்டி இறக்கவும். மிளகாய்த்தூளை முதலிலேயே தடவிவைத்தால், கிழங்கு சிவக்கும் நேரத்துக்குள் அது கருகிக் கசக்கும். உப்பை ருசி பார்த்து இறக்கும்போது தூவினால் போதும்.

மின்னடுப்பான ஓவனில் செய்வதானால், தட்டை முதலில் சூடாக்கி, அதே துண்டுகளை எண்ணெயில் புரட்டி 220 பாகையில் 40 முதல் 45 நிமிடம் வைக்கவும். 25ஆம் நிமிடத்தில் ஒருமுறை திருப்பவும். மசாலாவைக் கொஞ்சம் எண்ணெயில் குழைத்துக் கடைசி 5 நிமிடத்தில் சேர்க்கவும். சட்டி இல்லையே, இதையும் வறுவல் என்று சொல்லலாமா? தாராளமாக. ஈரம் போய் முறுகுகிறதே. முழுக்கிழங்கைத் தணலில் புதைத்து எடுத்தால் மட்டும் அது சுட்ட கிழங்கு.

சிப்ஸ் பொட்டலத்தின்மேலும் ‘வறுவல்’ என்றுதான் அச்சிடுகிறார்கள். அது எண்ணெயில் முங்கி எடுப்பது, பொரித்தது. மெல்லியதாகச் சீவியது என்பதால் ‘சீவல்’ அதற்குப் பொருந்தும், வெற்றிலைபாக்குக்காரர்கள் ஆட்சேபிக்காவிட்டால். இன்னொரு குழப்பம் பொரியலில்: தமிழ்நாட்டில் பொரியல் தேங்காய்ப்பூ போட்ட காய், யாழ்ப்பாணத்தில் அதற்கு ‘வறை’ என்று பெயர், அங்கே பொரியல் எண்ணெயில் பொரித்தது. கோலாலம்பூர்ச் சாப்பாட்டு மேசையில் இரண்டு ஊர்க்காரரும் உட்கார்ந்தால் என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு பரிமாறுவது நல்லது.

பரிமாறும்வரை மூடிவைக்க வேண்டாம். மூடியில் படியும் நீர் சொட்டி, 5 நிமிடத்தில் வறுவல் பிரட்டலாகிவிடும்.