எல்லா போனிலும் ஒரே எண் தெரிந்தால் அது சரியான எண்ணா?

கணக்கு, சரக்கு இருப்பு, வருகைப் பதிவு, களப்பணி அறிக்கை என்று எந்த ஆப்பை எடுத்தாலும் இப்போது ‘ரியல் டைம் சிங்க்’, அதாவது எல்லாக் கருவிகளிலும் தரவை உடனுக்குடன் ஒன்றாக்கும் வசதி, உண்டு. டெமோவில் அழகாகத்தான் இருக்கும். இந்த போனில் தட்டினால் அந்த லேப்டாப்பில் உடனே வந்து நிற்கும். இப்படிப்பட்ட ஆப்களைக் கட்டுவதும், வேறு யாரோ கட்டியதைப் பிரித்துப் பார்ப்பதும் என் தொழில். டெமோவில் யாரும் காட்டாத ஒன்று இருக்கிறது: நெட் இல்லாத நேரத்தில் இரண்டு பேர் ஒரே பதிவை மாற்றினால் யாருடைய மாற்றம் நிற்கும்?

பெரும்பாலான ஆப்களில் பதில், ‘கடைசியாக வந்தது நிற்கும்’. யாரும் யோசித்து எடுத்த முடிவாக இருக்காது. வேறு எதுவும் செய்யாமல் விட்டால் தானாக அதுதான் நடக்கும்.

ஒரு மொத்தக் கடையை எடுத்துக்கொள்ளுங்கள். குடோனில் 50 மூட்டை இருக்கிறது. சிக்னல் இல்லாத உள்ளறையில் நிற்பவர் 3 மூட்டை அனுப்பிவிட்டு இருப்பை 47 என்று மாற்றுகிறார். கவுன்டரில் இருப்பவர் 5 விற்றுவிட்டு 45 என்று மாற்றுகிறார். குடோன் போனுக்கு நெட் வந்ததும் அதன் 47 மேலேறி 45ஐ அழித்துவிடும். எல்லா போனிலும் 47 தெரியும், பச்சை டிக் விழும். உண்மையில் இருப்பது 42. பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால், மாதக் கடைசியில் எண்ணிப் பார்க்கும்போது பழி கடைப் பையன் தலையில் விழும்.

எந்த மாற்றம் கடைசி என்பதை போனின் கடிகாரத்தை வைத்து முடிவு செய்தால் இன்னும் மோசம். அரை மணி முன்னால் ஓடும் ஒரு போன் எல்லோரையும் ஜெயித்துக்கொண்டே இருக்கும். சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் நிகழ்வுகளை வரிசைப்படுத்த முடியும் என்று கணினி அறிஞர் லெஸ்லி லாம்போர்ட் 1978லேயே எழுதிவிட்டார். ஆனாலும் போன் நேரத்தை அப்படியே நம்பும் ஆப்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

மேலே சொன்ன சிக்கலுக்கு மருந்து எளிது. ‘இருப்பு 47’ என்று அனுப்பாமல் ‘3 போனது’, ‘5 போனது’ என்று அனுப்ப வேண்டும். எந்த வரிசையில் வந்தாலும் கூட்டிக் கழித்தால் 42தான் வரும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. கடைசி ஒரு மூட்டையை நெட் இல்லாத இருவர் ஆளுக்கொருவருக்கு விற்றுவிட்டால் இருப்பு மைனஸ் ஒன்று ஆகும். அதை எந்த சிங்க் வித்தையாலும் தடுக்க முடியாது. ரயில் இருக்கை, மருத்துவர் அப்பாயின்ட்மென்ட் மாதிரி ஒருவருக்கு மட்டுமே தரக்கூடிய பொருளுக்கு, சர்வரைக் கேட்காமல் ‘உறுதி’ என்று காட்டக் கூடாது.

கடைசியாக வந்ததை வைத்துக்கொள்வது எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்லவில்லை. ஃபிக்மா என்ற வடிவமைப்புக் கருவியை உருவாக்கியவர்கள் தங்கள் முறையை 2019ல் விளக்கமாக எழுதினார்கள். ஒரு செவ்வகத்தின் நிறத்தை இருவர் மாற்றினால் சர்வருக்குக் கடைசியாக வந்தது நிற்கும். ஒருவர் நிறத்தையும் மற்றவர் அகலத்தையும் மாற்றினால் இரண்டும் நிற்கும். ஒரே எழுத்துப் பெட்டியை இருவர் திருத்தினால் ஒருவருடையது போய்விடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வடிவமைப்புக் கருவிக்கு அது போதும் என்பது அவர்கள் யோசித்து எடுத்த முடிவு. அதே விதியைக் கணக்குப் புத்தகத்தில் போட்டால்தான் வம்பு.

ஆவணம் எழுதும் ஆப்களுக்கு அது போதாது. ஒருவர் முதல் வரியில் ஒரு சொல்லைச் சேர்த்தால் மற்றவரின் திருத்தம் அதற்கேற்ப நகர வேண்டும். இந்த முறையை எல்லிஸ், கிப்ஸ் என்ற இரு கணினி ஆய்வாளர்கள் 1989ல் முன்வைத்தார்கள். கூகுள் டாக்ஸ் அந்த வழியில் வந்தது. அப்புறம் 2011ல் சிஆர்டிடி என்ற பெயர் வந்தது. மாற்றங்கள் எந்த வரிசையில் வந்தாலும் எல்லாக் கருவிகளும் ஒரே நிலைக்கு வந்து சேரும் தரவு அமைப்பு அது. ஆப் கட்டுபவர்கள் பயன்படுத்தும் ஒய்ஜேஎஸ், ஆட்டோமெர்ஜ் போன்ற நிரல் தொகுப்புகள் எல்லாம் இந்த வகை. இப்போது விற்பனைப் பேச்சில் ‘நாங்க சிஆர்டிடி சார்’ என்பது ஒரு முத்திரை மாதிரி ஆகிவிட்டது. சிஆர்டிடி உறுதி கொடுப்பது எல்லோருக்கும் ஒரே மதிப்பு தெரியும் என்பதற்கு மட்டும்தான். அந்த மதிப்பு சரியானதா என்பது வேறு கேள்வி. சொல்லப்போனால் ‘கடைசியாக எழுதியது நிற்கும்’ என்பதே சிஆர்டிடியில் ஒரு வகைதான்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. ‘கொடி’ என்று தவறாக அடித்ததை ‘கோடி’ என்று இருவர் ஒரே நேரத்தில் திருத்துகிறார்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் ‘க’ ஒரு குறி, அதன் பின்வரும் ஒகரக் குறி இன்னொன்று. இருவரும் ஒகரக் குறியை நீக்குகிறார்கள். அது ஒரே நீக்கலாகிவிடும். இருவரும் ஓகாரக் குறியைச் சேர்க்கிறார்கள். அது இரண்டு சேர்க்கையாகவே நிற்கும். முடிவில் ஒரு ‘க’வுக்குப் பின் இரண்டு ஓகாரக் குறிகள், இரண்டாவது ஒரு புள்ளி வட்டத்தில் தொங்கிக்கொண்டு. ஆங்கிலத்திலும் எழுத்து இரட்டிக்கும்தான், ஆனால் அங்கே படிக்கவாவது முடியும். இது போக, ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். ஒரு கருவி ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் வைத்திருந்தால், எழுத்தை இடம் எண்ணித் தேடும் ஆப்பில் அதற்குப் பின்னால் உள்ள எல்லாத் திருத்தங்களும் ஒரு இடம் தள்ளி விழும். ஆப் கட்டுபவர்கள் உரையை ஒரே வடிவத்துக்கு மாற்றிய பிறகே சிங்க்குக்குள் விட வேண்டும். சோதனைக்கு ‘ஸ்ரீ’யையும் போட்டுப் பாருங்கள், அது ஒன்றே நான்கு குறிகள்.

நீக்கல் இன்னொரு தொல்லை. ஒரு பதிவை நீக்கினால் ‘இது நீக்கப்பட்டது’ என்ற தடத்தை வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாரக்கணக்கில் ஆஃப்லைனில் கிடந்த பழைய டேப்லெட் ஒன்று அதைத் திரும்பவும் உயிரோடு கொண்டுவந்துவிடும். டைனமோ என்ற தன் தரவுச் சேமிப்பு அமைப்பைப் பற்றி அமேசான் 2007ல் வெளியிட்ட கட்டுரையே, ஷாப்பிங் கார்ட்டில் நீக்கிய பொருள் சில நேரம் மீண்டும் தோன்றலாம் என்று ஒப்புக்கொண்டது. கூடையில் சேர்த்தது தொலையாமல் இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

சிங்க் என்பது பேக்கப் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தவறி அழித்ததையும் அது அதே வேகத்தில் எல்லா இடத்திலும் அழித்துக் கொடுக்கும். பேக்கப் தனியாக ஓட வேண்டும்.

ஆப் வாங்கப் போகிறீர்கள் என்றால் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். இரண்டு போனையும் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். ஒரே பதிவின் ஒரே கட்டத்தை இரண்டிலும் வேறு வேறாக மாற்றுங்கள். ஒன்றில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுங்கள். இன்னொரு பதிவை ஒன்றில் நீக்கி, மற்றதில் திருத்துங்கள். பிறகு நெட்டைப் போட்டு என்ன மிஞ்சுகிறது, தோற்றுப்போன மாற்றம் வரலாற்றிலாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘சேமிக்கப்பட்டது’ என்ற சொல் போனில் சேமித்ததையும் சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததையும் பிரித்துக் காட்ட வேண்டும். அனுப்பாத பதிவுகள் இருக்கும்போது லாக் அவுட் செய்தால் எச்சரிக்கை வர வேண்டும். பிரவுசரில் ஓடும் ஆப் என்றால் ஐபோனில் கூடுதல் கவனம் தேவை. 2020 முதல், ஒரு தளத்தை நீங்கள் ஏழு நாள் தொடாமலே சஃபாரியைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்தத் தளம் பிரவுசருக்குள் எழுதி வைத்த தரவை சஃபாரி நீக்கிவிடலாம். அனுப்பாத பதிவுகள் அங்கே இருந்தால் அவையும் போய்விடும்.