கபரகொய்யா: உடும்பா, நீருடும்பா?

வளவுக்குள் பெரிய பல்லியினம் ஒன்று நுழைந்து கோழிகள் கத்தத் தொடங்கினால், யாழ்ப்பாணத்தில் ஒருவர் அதை உடும்பு என்பார், பக்கத்து வீட்டுக்காரர் கபரகொய்யா என்பார். இரண்டும் ஒரே விலங்கின் இரண்டு பெயர்கள் என்றுதான் பலரின் எண்ணம். அப்படியில்லை. வரானஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் இனம் வேறு, இருப்பிடம் வேறு, அவற்றுக்கு வாய்த்த கதியும் வேறு.

கபரகொய்யா சிங்களத்திலிருந்து நம் பேச்சுக்கு வந்த சொல். 'கபர' என்றால் புள்ளி விழுந்த, பல நிறம் கலந்த என்று பொருள்; பாளியிலும் இதே வடிவத்தில் உண்டு. பின்பாதியான 'கொயா', வடமொழியில் உடும்பைக் குறிக்கும் 'கோதா'வின் வழி வந்தது. இந்தியின் 'கோ(ஹ்)' அதற்குத் தம்பி முறை. தமிழ்க் காதுக்கு அது கொய்யாவாகிவிட்டது. கொய்யாப்பழத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பழத்தின் பெயர் போர்த்துக்கேயரின் 'கொயாபா'.

உடும்பு நம்முடைய சொல். மலையாளத்தில் உடும்பு, தெலுங்கில் உடுமு, கன்னடத்தில் உட என்று திராவிட மொழிகளில் பரவிக் கிடக்கிறது. பசியில் வாடிய பாணர் சுற்றத்தின் எலும்பெழுந்த விலாவுக்கு உரித்த உடும்பை உவமை சொல்கிறது புறநானூற்றின் 68ஆம் பாடல். உரித்த உடும்பு எப்படியிருக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உவமை எடுபடாது. 'உடும்பு வேண்டாம், கையை விட்டால் போதும்' என்ற பழமொழியும் பிடிக்கப் போனவர்களின் வாயிலிருந்து பிறந்ததே.

இரண்டையும் தெளிவாகப் பிரித்து எழுதி வைத்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ். 1660இல் திருகோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசில் கைதியாக வாழ்ந்து, 1679இல் தப்பியவர். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலில் 'கொப்பரா கியோன்' வருகிறது. முதலை போன்றது, கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி, பிளந்த நீல நாக்கு, ஆளைக் கண்டு அஞ்சாது, நாயும் நரியும் தின்னும் பிணத்தில் பங்கு கேட்டு வரும், அவை குரைத்துக்கொண்டு கிட்ட வந்தால் வாலால் விளாசும், சாப்பிட உதவாது. அடுத்தே 'தொல்லா கியோன்'. இன்றைய சிங்களத்தில் தலகொயா, நமக்கு உடும்பு. அதன் இறைச்சியை நாட்டார் மிகச் சிறந்ததாக மெச்சினார்கள் என்கிறார்.

அந்தச் சாப்பாட்டு விருப்பம், எந்த இனம் அழியும் ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் இன்றைய சிவப்புப் பட்டியல் வரைக்கும் நீள்கிறது. கபரகொய்யா (வரானஸ் சல்வேற்றர்) இப்போதைக்குக் கவலைக்குரிய நிலையில் இல்லாத இனம். உடும்பு (வரானஸ் பெங்காலென்சிஸ்) அச்சுறுத்தலை நெருங்கிவிட்ட இனம். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் உடும்பு கடுமையான முதலாம் இணைப்பிலும், கபரகொய்யா இரண்டாம் இணைப்பிலும் இருக்கின்றன. இந்தோனேசியாவில் தோலுக்காகப் பெருந்தொகையாகப் பிடிக்கப்படும் கபரகொய்யா, இலங்கையில் அருவருப்பின் தயவால் தப்பித்திருக்கிறது என்பது என் கணிப்பு. வயல் வரம்பைத் துளைக்கும் நண்டுகளைத் தின்பதால் விவசாயிக்கும் அது வேண்டியது. உடும்புக்கு இறைச்சியால் மட்டும் கேடு வரவில்லை. கஞ்சிராவுக்குப் பழைய வழக்கப்படி போர்த்தியது உடும்புத் தோலைத்தான். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்திருப்பது நல்லது, நாதம் குறைகிறது என்று வித்துவான்கள் முணுமுணுத்தாலும்.

இருப்பிடத்தைப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். கபரகொய்யாவுக்குத் தண்ணீர் வேண்டும்: ஆறு, குளம், வயல், சதுப்பு, கண்டற்காடு. பக்கவாட்டில் தட்டையான வால் நீந்துவதற்கானது. கறுத்த உடலில் மஞ்சள் புள்ளிகள், மூக்குத் துளை முகவாயின் நுனியை ஒட்டி. கண்டியில் 3.21 மீற்றர் நீளமான ஒன்று பதிவாகியிருக்கிறது. உடும்பு வறண்ட நிலத்துக்காரன். சாம்பலும் மண்ணிறமும் கலந்த உடல், மூக்குத் துளை கண்ணுக்கும் நுனிக்கும் நடுவில் கீறல் போல இருக்கும். பற்றைக்காடு, பனங்கூடல், மரப்பொந்து, கறையான் புற்று எல்லாம் அதற்கு வீடு. முட்டையைப் புற்றிலும் இடும். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்ல எதுவுமில்லாத குடாநாட்டில், தரவைக் கரையையும் கண்டலையும் விட்டுத் தள்ளி, வடலிக்குள் சரசரப்பது பெரும்பாலும் உடும்பாகத்தான் இருக்கும்.

பழைய அகராதிகள் உடும்புக்கு ஆங்கிலத்தில் 'இகுவானா' என்று பொருள் போட்டன. அது அமெரிக்கக் கண்டத்துப் பல்லி. இலங்கையின் இயற்கையில் இல்லை. செய்திகளில் தலைகாட்டும் 'மானிட்டர் பல்லி'யும் வேண்டாத சுமை.

தமிழில் கபரகொய்யாவுக்கு 'நீருடும்பு' என்று எழுதலாம். கேட்டவுடன் விளங்கும், உறவும் தெரியும், வேறுபாடும் தெரியும். பேச்சில் கபரகொய்யா இருந்துவிட்டுப் போகட்டும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு முறைப்பாடு கொடுக்கும்போதும் பிடிபட்டதைப் பற்றிச் செய்தி எழுதும்போதும் மட்டும் எது என்று பார்த்துச் சொல்லுங்கள். இலங்கைச் சட்டம் இரண்டையும் காக்கிறது. ஆனால் சட்டிக்குப் போவது உடும்புதான்.