ரோபோ ஓட்டுகிற கைக்கு எத்தனை மார்க்?

போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் துளையிடும் சத்தம் மாறுவதை வைத்தே கீழே பாறையா மண்ணா என்று சொல்லிவிடுவார்கள். இடிந்த கட்டடத்துக்குள் ரோபோவை அனுப்பிவிட்டு வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாதுங்க. கையில் ரிமோட், எதிரே தூசிக்குள் ஆடுகிற கேமரா படம், அவ்வளவுதான். ரோபோ சாய்ந்து நிற்கிறதா, பின்பக்கம் எதிலாவது மாட்டிக்கொண்டதா என்பதைக்கூட யூகிக்கத்தான் வேண்டும். மீட்பு ரோபோ ஓட்டுபவர்களைக் கவனித்த ஓர் ஆய்வில், சராசரியாக 30 சதவீத நேரம் 'இப்போது எங்கே, எப்படி நிற்கிறோம்' என்று தெரிந்துகொள்ளவே போயிருந்தது. 2011-ல் புகுஷிமா அணு உலைக் கட்டடத்துக்குள் போன க்வின்ஸ் ரோபோ கேபிள் அறுந்து உள்ளேயே நின்றுவிட்டதை நினைத்தால், அந்த நேரத்தின் மதிப்பு புரியும்.

சரி, ஓட்டுகிறவரின் திறமையை எப்படி அளப்பது? அளவீடுகளுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அரசின் நிஸ்ட் நிறுவனம் பிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும், பெரும்பாலும் மரச்சட்டமும் ப்ளைவுட்டும் போதும் என்பதால். சரிவு, மேடுபள்ளமான கட்டைகள், குறுகிய வளைவுகள் என்று தடம் அமைத்து, ரோபோ கண்ணில் படாத இடத்தில் ஆளை உட்காரவைத்து, குறித்த நேரத்தில் எத்தனை சுற்று முடிக்கிறார் என்று எண்ணுகிறார்கள். அந்த ரோபோவைக் கரைத்துக் குடித்தவர் ஒருவர் முதலில் ஓட்டுவார், அவருடைய வேகம்தான் 100. புதியவர் அதில் பாதியை எட்டினால் 50 சதவீதம். அதே ரோபோ, அதே தடம், ஆள் மட்டும் வேறு என்பதால் மெஷின் மேல் பழிபோட வழியில்லை.

ட்ரோனுக்கு இன்னும் எளிது, வாளிகள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருக்கும், உள்ளே அடிப்பகுதியில் ஒரு பக்கம் வெட்டுப்பட்ட வளையம் ஒட்டியிருக்கும். ட்ரோன் வாளிக்கு நேராக வந்து நிலையாக நின்றால்தான் வளையம் முழுசாகத் தெரியும், வெட்டு எந்தத் திசையில் என்று சொல்ல முடியும். காற்றில் கொஞ்சம் நகர்ந்தாலும் வாளியின் சுவர் மறைத்துவிடும்.

அப்புறம் மனசு. வேலை முடிந்ததும் மனச்சுமை, அவசரம், எரிச்சல் போன்ற 6 விஷயங்களுக்கு அவரையே மதிப்பெண் போடச் சொல்வது ஒரு முறை, நாசா உருவாக்கியது. பயிற்சியைத் திடீரென்று நிறுத்தி, திரையை மறைத்து, 'ரோபோவுக்கு இடப்பக்கம் என்ன இருந்தது?' என்று கேட்பது இன்னொன்று. சுற்றுகளை வேகமாக முடித்தவர் இங்கே திணறினால், நிஜ இடிபாட்டில் அவரை நம்பி இறக்கக் கூடாது என்பேன்.

இந்த மாதிரித் தடங்கள் செய்வதெல்லாம் கோவைப் பட்டறைகளுக்குச் சின்ன வேலை. நமக்கு முதலில் வேண்டியது போர்வெல் மீட்புக்கான தடம். ஆறரை இஞ்ச் குழாயைச் செங்குத்தாக நட்டு, உள்ளே ஒரு பொம்மையை இறக்கி, கேமராவை மட்டும் பார்த்துக் கருவியை இயக்கச் சொல்லி நேரம் குறிக்க வேண்டும். பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, குழாய்க்குள் சேறும் தண்ணீரும் ஊற்றி ஒரு தடவை.